பள்ளிக்கூட எஃப்.எம்: 50 வாட் போதும், ஆனால் எங்கே கோட்டை விடுகிறோம்?

டெல்டாபள்ளி:

வணக்கம். மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்குச் சமூக வானொலி அமைக்கும் வேலை. எல்.ஓ.ஐ. (அனுமதிக்கு முன் அரசு தரும் முதற்கட்டக் கடிதம்) வந்துவிட்டது. விவரம் இதுதான்:

காவிரி டெல்டா, சுற்றிலும் வயல், மலை கிடையாது. இரண்டு மாடிக் கட்டடம், மொட்டைமாடி தரையிலிருந்து 8 மீட்டர். ஸ்டுடியோவுக்கு 10×12 அடி அறை. டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனா வரை கேபிள் ஓட்டம் 40 மீட்டர். வந்திருக்கும் கொட்டேஷனில் 50 வாட் ஸ்டீரியோ டிரான்ஸ்மிட்டர், இரண்டு அடுக்கு வட்ட முனைவு (அலையைப் படுக்கையாகவும் செங்குத்தாகவும் சேர்த்து அனுப்பும்) ஆன்டெனா, ஆர்.ஜி.213 கேபிள், நான்கு கண்டென்சர் மைக். நிகழ்ச்சி நடத்தப்போவது 9, 11ஆம் வகுப்புப் பிள்ளைகள்.

கொட்டேஷனில் எதை மாற்ற வேண்டும்? 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமங்களுக்குக் கேட்குமா?

---

செப்புக்கம்பி:

முதலில் அந்தக் கேபிளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி.213 நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 6.6 டெசிபெல் தின்னும். உங்கள் 40 மீட்டருக்கு 2.6, 2.7 டெசிபெல். உள்ளே 50 வாட் விட்டால் மேலே போய்ச் சேருவது 27 வாட். மீதி 23 வாட் கேபிளைச் சூடாக்கத்தான். அரை அங்குல ஃபோம் ஹீலியாக்ஸ் (செப்புக்குழாய் உறை கொண்ட தடித்த கேபிள்) போட்டால் நூறு மீட்டருக்கு 2.2 டெசிபெல்தான், 41 வாட் மேலே போகும். விலை கூடுதல், வளைக்கவும் சிரமம். திருப்பத்தில் மடக்கினால் உள்ளே செப்புக்குழாய் நசுங்கிவிடும். ஆனாலும் இந்த ஒரு மாற்றம் செலவுக்குத் தகும்.

அடுத்தது உயரம். விதிப்படி ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டரைத் தாண்டக்கூடாது, 15 மீட்டருக்குக் கீழேயும் இருக்கக்கூடாது. மொட்டைமாடியில் 9 மீட்டர் குழாய் நட்டு, "17 மீட்டர் வந்துவிட்டது, போதும்" என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். சமவெளியில் உயரத்தை இரட்டித்தால் சுமார் 6 டெசிபெல் லாபம். அதே லாபத்தை வாட்டில் எடுக்க டிரான்ஸ்மிட்டரை நான்கு மடங்காக்க வேண்டும். அதற்கு அனுமதியே கிடையாது. 8 மீட்டர் கட்டடத்தின் மேல் 20 மீட்டர் கோபுரம் என்றால் 28 மீட்டர். எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அந்த எடையையும் காற்றையும் மொட்டைமாடி தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். தாங்காது என்றால் கட்டடத்தை ஒட்டித் தரையிலிருந்தே கோபுரம் எழுப்புவதுதான் வழி. டெல்டாவில் புயல் வராத ஆண்டு எது?

12 கிலோமீட்டர்: 28 மீட்டர், நல்ல கேபிள், நேர்ப்பார்வை இருந்தால் வெளியில் வைத்த ரேடியோவில் கேட்கும். கான்கிரீட் வீட்டுக்குள் 5, 6 கிலோமீட்டருக்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன்.

---

மோனோக்காரன்:

செப்புக்கம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கங்க. ஸ்டீரியோவை அணைச்சிடுங்க.

50 வாட் நிலையத்துல ஸ்டீரியோ என்பது விளிம்புல இருக்குற நேயரை நாமே வெளியே தள்ளுறது. அலை பலவீனமா இருக்குற இடத்துல ஸ்டீரியோவா வாங்கினா மோனோவைவிட இரைச்சல் 20 டெசிபெல் அளவுக்குக் கூடும். 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டை, அதாவது இது ஸ்டீரியோன்னு ரேடியோவுக்குச் சொல்ற சிக்னலை, நிறுத்தினா ரேடியோ தானா மோனோவுக்கு வந்துடும், "உஸ்ஸ்" சத்தம் பாதி ஊருக்கு மறைஞ்சுடும். பிள்ளைங்க பேசுறதும், பாட்டி நடவுப்பாட்டு பாடுறதும்தானே நிகழ்ச்சி? அதுக்கு இடது வலது எதுக்கு?

இன்னொரு விஷயம், கொட்டேஷன்ல இருக்காது. ப்ரீ-எம்ஃபசிஸ், அதாவது அனுப்புறதுக்கு முன்னாடி கூர்மையான ஒலிகளைத் தூக்கி விடுற அமைப்பு. இந்தியாவுல 50 மைக்ரோசெகண்ட். அமெரிக்கச் சந்தைக்குச் செஞ்ச பெட்டி 75ல வரும். மெனுல மாத்தாம விட்டா "ச", "ஸ", "ஷ" எல்லாம் பாம்பு சீறுற மாதிரி கேட்கும். உடனே எல்லாரும் மைக்கைத் திட்டுவாங்க, ஈக்வலைசரைக் குறைப்பாங்க. குற்றம் அங்கே இல்ல. டிரான்ஸ்மிட்டர் வந்த அன்னைக்கே, டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலா சக்தியை வாங்கிக்குற கருவி) மாட்டி, அந்த ஒரு அமைப்பைப் பாத்துடுங்க. ஆன்டெனாவோ டம்மி லோடோ இல்லாம ஆன் பண்றது மட்டும் வேண்டவே வேண்டாம்.

---

டெல்டாபள்ளி:

நன்றி. வட்ட முனைவா, செங்குத்தா? விற்பவர் வட்ட முனைவுதான் "ஸ்டாண்டர்ட்" என்கிறார்.

---

செப்புக்கம்பி:

பெரிய நிலையத்துக்கு அதுதான் வழக்கம். அவர்களிடம் கிலோவாட் இருக்கிறது, படுக்கைக்குப் பாதி, செங்குத்துக்குப் பாதி எனப் பிரித்துக் கொடுக்கலாம். உங்களிடம் 41 வாட். இரண்டு அடுக்கு வட்ட முனைவின் ஆதாயம் (ஆன்டெனா சக்தியைக் குவித்துப் பெருக்கும் மடங்கு) சுமாராக 1. அதாவது படுக்கை, செங்குத்து ஒவ்வொன்றிலும் அதே 41 வாட்தான். இரண்டு செங்குத்து டைபோலை (இரு கை கொண்ட எளிய கம்பி ஆன்டெனா) மேலும் கீழுமாக அடுக்கினால் ஆதாயம் ஏறக்குறைய 3 டெசிபெல், அதாவது இரண்டு மடங்கு: ஈ.ஆர்.பி. (ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் பயனுறு சக்தி) 82 வாட். அதற்கு வரம்பு 100 வாட். கணக்கு உங்களுக்கே தெரியும்.

கார் ஆன்டெனா நிமிர்ந்து நிற்கிறது. செல்பேசியில் கேட்பவருக்கு இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா, அதுவும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். எனவே செங்குத்து.

ஆனால் டைபோலை இரும்புக் கோபுரத்தோடு ஒட்டி மாட்டாதீர்கள். 90.4 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.32 மீட்டர், கால் அலை 83 சென்டிமீட்டர். குறைந்தது அவ்வளவாவது தள்ளி நிற்க வேண்டும். கேபிளும் டைபோலின் நடுவிலிருந்து செங்கோணமாக விலகிக் கோபுரத்துக்கு வர வேண்டும், டைபோலுக்கு இணையாக இறங்கக்கூடாது. தரையில் வைத்து எஸ்.டபிள்யூ.ஆர். (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1தான் சிறந்தது) அழகாக 1.2 காட்டும், மேலே ஏற்றியதும் 2 ஆகும். அளவை மேலே மாட்டிய பிறகு எடுங்கள்.

கோபுரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தத் திசையில் அலை கொஞ்சம் மங்கும். அதனால் ஆன்டெனாவை ஊர்கள் அதிகம் உள்ள பக்கமாக நீட்டுங்கள்.

---

கோப்புக்கட்டு:

கருவி பேச்சுக்கு நடுவே தாள் வேலையை மறக்க வேண்டாம். சுருக்கமாக:

கல்வி நிறுவனங்களுக்குச் சமூக வானொலி திறந்துவிடப்பட்டது 2002 இறுதியில். அந்த வழியில் முதலில் ஒலித்தது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1, 90.4இல். தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல்தான் கதவு திறந்தது.

2024 பிப்ரவரியில் திருத்திய வழிகாட்டு நெறிகள்படி எல்.ஓ.ஐ. ஓராண்டு செல்லும், எதிர்பாராத தாமதத்துக்கு மேலும் 3 மாதம். இந்த அவகாசத்துக்குள் அலைவரிசை ஒதுக்கீடு, சாக்ஃபா (அலைவரிசை ஒதுக்கீட்டுக்கான மத்திய அரசின் ஆலோசனைக் குழு) தரும் தள அனுமதி, பிறகு கோபா (அரசோடு போடும் ஒலிபரப்பு அனுமதி) ஒப்பந்தம். சாக்ஃபா விண்ணப்பத்தில் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை, கோபுர உயரம் மூன்றும் பின்னால் நிஜத்தில் நிற்கும் கோபுரத்தோடு பொருந்த வேண்டும். வாட்சப்பில் வந்த லொக்கேஷனை அப்படியே நகலெடுத்துப் பள்ளி வாசலைக் குறிப்பவர்கள் உண்டு. கோபுரம் நிற்கப்போகும் இடத்தில் நின்று எடுங்கள். அறக்கட்டளைப் பெயரும் எல்லாத் தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

ஒப்பந்தம் 10 ஆண்டு. விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை. அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 74 ரூபாய். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்துத் தயாரித்ததாக இருக்க வேண்டும். ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள்.

செய்தி சொந்தமாக வாசிக்கக்கூடாது. ஆகாசவாணி செய்தியை மட்டும் எடுத்து ஒலிபரப்பலாம், மொழிபெயர்த்தும் தரலாம். ஆனால் தேர்வு, முடிவுகள், சேர்க்கை, வேலைவாய்ப்பு, வானிலை, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்ற எச்சரிக்கை இவை செய்தி ஆகாது. பள்ளிக்கூட நிலையத்துக்கு இந்தப் பட்டியல் வரம்.

ஒலிபரப்பிய அனைத்தையும் 3 மாதம் பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு 8 மணி நேரம், 64 கே.பி.பி.எஸ். மோனோ எம்.பி.3 என்றால் மணிக்கு 29 எம்.பி., 90 நாளுக்கு 21 ஜி.பி.க்குள். ஒரு பென்டிரைவ் சமாச்சாரம். ஆனால் ஸ்டுடியோ கணினியிலிருந்து பதியாதீர்கள். தனியே ஒரு ரேடியோ ரிசீவர் வைத்துக் காற்றில் போனதைப் பதியுங்கள். அப்போதுதான் அது சான்று.

---

நாலுவிரல்:

கண்டென்சர் மைக் நான்கையும் கொட்டேஷனிலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஒலி அடைத்த அறைக்கானது. 10×12 அறையில், ஜன்னலுக்கு வெளியே கைப்பந்து மைதானம், மேலே ஃபேன், அரை மணிக்கு ஒருமுறை பீரியட் பெல் என்றால் எல்லாமே வந்து விழும். டைனமிக் மைக் போதும். வாயிலிருந்து நாலு விரல் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். நேரே பேசினால் "ப" வெடிக்கும். சரியான தூரத்தை மேசையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், டேப் மாறாது.

அறைக்கு விலையுயர்ந்த ஃபோம் வேண்டாம். பழைய பருத்தி மெத்தை, கோணிச் சாக்கு, புத்தக அலமாரி. பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் கனமான திரை ஒன்று. கைதட்டிப் பாருங்கள்: "டிங்" என்று வால் நீண்டால் இன்னும் துணி வேண்டும். முட்டை அட்டை மட்டும் ஒட்டாதீர்கள். ஒலி அடங்காது, தீப்பிடிக்கும், எலி வரும்.

மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டன் இருக்கும், அதை எப்போதும் அழுத்தியே வையுங்கள். ஃபேன் உறுமல் அங்கேதான் இருக்கிறது. பதிவில் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. 9ஆம் வகுப்புப் பையன் தொடக்கத்தில் முணுமுணுப்பான், நாலு வரி கழித்துச் சிரிப்பு வந்துவிடும், கத்துவான். 3க்கு 1 கம்ப்ரெஸர் (ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்), கடைசியில் ஒரு லிமிட்டர் (உச்சத்தைத் தாண்டவிடாது), இவ்வளவு போதும். லிமிட்டர் இல்லாமல் டிரான்ஸ்மிட்டருக்கு விட்டால் அலைவிலக்கம் (அலைவரிசை இருபுறமும் அசையும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டும், குரல் கரகரக்கும், பக்கத்து அலைவரிசைக்காரரும் புகார் செய்வார்.

எழுத்துப் பிரதி பற்றி: தமிழில் மாணவர் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 100 சொல் ஓடும். 5 நிமிடத்துக்கு 500 சொல். "இந்நிகழ்வானது நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது" என்று கட்டுரை நோட்டிலிருந்து எடுத்தால் நாக்குப் புரளும். "நடக்குது" என்றே எழுதிக் கொடுங்கள்.

---

எட்டாவது_பீரியட்:

எல்லாரும் கம்பியையும் மைக்கையும் பேசுகிறீர்கள். பள்ளி நிலையம் ஊமையாவது மார்ச்சில்.

மார்ச் முதல் பொதுத் தேர்வு, ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு, மே விடுமுறை, ஜூனில்தான் மணி அடிக்கும். மார்ச் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 80 நாள் பிள்ளைகள் இல்லை. டெல்டாவில் அதே நாட்களில்தான் ஊர் முழுக்க ஒரே கேள்வி: மேட்டூர் நீர்மட்டம் எவ்வளவு, வழக்கமான ஜூன் 12இல் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா. நேயருக்கு நிலையம் தேவைப்படும் நேரத்தில் பழைய சுதந்திர தின உரையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், ஜூலையில் அவர் வேறு அலைவரிசைக்குப் போயிருப்பார்.

கணக்குப் போடுங்கள். கோடையில் நாளுக்கு அரை மணிதான் புதியது என்று வைத்தாலும் 40 மணி நேரம். ஜூலை முதல் பிப்ரவரி வரை பதிவுக்குக் கிடைப்பது சுமார் 30 வாரம். வாரத்துக்கு 80 நிமிடம் கூடுதலாகச் சேமித்தாக வேண்டும். அந்தச் சேமிப்பில் தேதி பட்டு மங்காத விஷயம் மட்டும்: விதை நேர்த்தி, வாய்க்கால் பெயர்களின் கதை, நாட்டு மருந்து என்ற பெயரில் தப்பான மருத்துவம் சொல்லாத சமையல், பெரியவர் நேர்காணல். "அடுத்த வாரம்", "இன்று" என்ற சொல் வந்தாலே வெட்டிவிடுங்கள்.

கோடைக்கு ஊரிலிருந்து மூன்று பேர் பழக்குங்கள். முன்னாள் மாணவர், மகளிர் குழு, நூலகர், யாராகவும் இருக்கலாம். சாவி யாரிடம் என்பதை ஏப்ரலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பூட்டிய பள்ளிக்குள் இருக்கும் ஸ்டுடியோவால் பயனில்லை.

குழு: ஒரு ஷிஃப்டுக்கு நான்கு பேர். பேசுபவர், மிக்சர், கடிகாரம் பார்ப்பவர், லாக் புத்தகம் எழுதுபவர். 11ஆம் வகுப்பு நடத்தும், 9ஆம் வகுப்பு கூட உட்காரும். ஒப்படைப்பு ஜனவரியில். ஜூனில் ஒப்படைக்கலாம் என்று விட்டால் தெரிந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு டியூஷனில் இருப்பார்கள்.

பெற்றோர் ஒப்புதல் படிவம் இல்லாமல் ஒரு குரலும் போகக்கூடாது. முதல் பெயர், வகுப்பு போதும். தெரு, வீட்டு எண் வேண்டாம். தொலைபேசி நேயர் நிகழ்ச்சியில் யாரேனும் ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைப் பெயரோடு சொல்லத் தொடங்கினால் உடனே மிக்சரில் ஃபேடரை இறக்கிக் குரலை அடக்க வேண்டும். போக்சோ சட்டம் 23ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடத் தடை செய்கிறது. அதனால் நேயர் அழைப்பைப் பதிவு செய்து, கேட்டு, பிறகு ஒலிபரப்புங்கள்.

---

மோனோக்காரன்:

அழைப்பு எல்லாத்தையும் பதிவு பண்ணிதான் போடணும்னா உயிர் போயிடுமே. நேரலைன்னாதான் பிள்ளைங்களுக்குப் பதற்றமும் வரும், பழக்கமும் வரும்.

---

எட்டாவது_பீரியட்:

பிள்ளைகள் நேரலையில் பேசட்டும், ஆட்சேபம் இல்லை. வெளியிலிருந்து வரும் குரல்தான் பதிவாக வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் வாரம் ஒரு மணி நேரம் நேரலை, அதுவும் மாலை 5 மணிக்கு மேல், பெல் ஓய்ந்த பிறகு.

---

டெல்டாபள்ளி:

பயனுள்ள பேச்சு. மூன்று கேள்வி. மழையில் டிரான்ஸ்மிட்டர் தானே பவர் குறைக்கும் என்கிறார்களே, ஏன்? "ங்ங்ங்" என்ற உறுமல் வந்தால் எங்கே தேடுவது? மின்வெட்டுக்கு எவ்வளவு பேட்டரி?

---

செப்புக்கம்பி:

மழை: கனெக்டருக்குள் தண்ணீர். திரும்பி வரும் சக்தி கூடினால் டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடங்கும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் 50 வாட்டில் 2 வாட் திரும்பும், பரவாயில்லை. 2 என்றால் ஐந்தரை வாட். 3 என்றால் 12 வாட்டுக்கு மேல், பெட்டி விழித்துக்கொள்ளும். மழைக்குக் கூடி, மறுநாள் வெயிலுக்குக் குறைந்தால் டிரான்ஸ்மிட்டரைப் பிரிக்காதீர்கள், மேலே ஏறுங்கள். கனெக்டரைச் சுற்றித் தன்னோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்ற வேண்டும்; மேலிருந்து சுற்றினால் தலைகீழாக வேய்ந்த ஓடு போல நீர் உள்ளே இறங்கும். அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப். கேபிள் அறைக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி ஒரு வளைவு விடுங்கள், நீர் அங்கே சொட்டிவிடும். தினமும் காலை ஒரே நேரத்தில் முன்சக்தி, பின்சக்தி இரண்டையும் லாக் புத்தகத்தில் எழுதினால் பழுது வரும் முன்பே எண் சொல்லிவிடும்.

இடி: கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அரெஸ்டர் (இடிமின்னலை எர்த்துக்குத் திருப்பும் கருவி). கோபுரம், அரெஸ்டர், கட்டட எர்த் மூன்றும் ஒன்றாகப் பிணைக்கப்பட வேண்டும். தனித்தனிக் குழி தோண்டி, "இது கோபுரத்துக்கு, அது கம்ப்யூட்டருக்கு" என்று விட்டால் இடி விழும்போது இரண்டு குழிக்கும் நடுவே உள்ள மின்னழுத்தம் உங்கள் மிக்சர் வழியே ஓடும்.

உறுமல்: கணினி ஒரு பிளக்கில், டிரான்ஸ்மிட்டர் வேறு பிளக்கில், இரண்டுக்கும் நடுவே ஆடியோ கேபிள் என்றால் எர்த் வளையம், அதாவது எர்த் வழியே மின்சாரம் சுற்றி ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே போர்டில் போடுங்கள். போகவில்லையா, 1:1 ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர். எர்த் பின்னை வெட்டாதீர்கள், உயிர்ச் சேதம். உறுமல் இல்லாமல் தன் ஒலிபரப்பே மிக்சருக்குள் கரகரவென்று கேட்டால் அது வேறு நோய்: ஆர்.எஃப். (ஒலிபரப்பு அலை) உள்ளே ஏறுகிறது. மைக் கேபிளில் ஃபெர்ரைட் மணி மாட்டுங்கள், டிரான்ஸ்மிட்டரை அடுத்த அறைக்கு மாற்றுங்கள்.

பேட்டரி: டிரான்ஸ்மிட்டர், கணினி, மிக்சர் சேர்த்து 350 வாட் வையுங்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு என்றால் 3600 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, இன்வெர்ட்டர் இழப்பும் உண்டு. கையில் 1500 வாட் மணி. நாலு மணி நேரம் ஓடும். ஏ.சி.யை அதில் மாட்டினால் சுமார் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

---

மோனோக்காரன்:

கணினி பத்தி ஒரு வார்த்தை. பிளேலிஸ்ட் ஓட்டுற கணினியில வாட்சப் வெப், பிரவுசர் எதுவும் வேண்டாம். "டிங்" னு நோட்டிஃபிகேஷன் 12 கிலோமீட்டருக்குக் கேட்கும். விண்டோஸ் சிஸ்டம் சவுண்ட் ஆஃப். அப்டேட் தானா ரீஸ்டார்ட் ஆகுறதை நிறுத்தி, ஞாயிறு காலையில கையால போடுங்க. பிளேலிஸ்ட் ஓட்ட ரேடியோடிஜே மென்பொருள் இலவசம்; லினக்ஸ் தெரிஞ்சவர் இருந்தா ரிவென்டெல். எதுவா இருந்தாலும் 30 நொடி அமைதி வந்தா மாற்று ஒலிக்குத் தாவுற சைலன்ஸ் டிடெக்டர் வேணும். மாற்று ஒலி அதே கணினியில இருந்தா பிரயோஜனம் இல்ல. பழைய எம்.பி.3 பிளேயர் ஒண்ணு தனியா ஓடிக்கிட்டே இருக்கட்டும்.

---

கோப்புக்கட்டு:

அந்த எம்.பி.3 பிளேயரில் சினிமாப் பாட்டு ஏற்றாதீர்கள். ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, பாட்டுக்கும் மெட்டுக்கும் வேறு உரிமை. கல்விக்காக என்பதால் இரண்டும் தானாக மன்னிக்கப்படாது. உள்ளூர் நாதஸ்வரக் கலைஞர், பள்ளி இசைக்குழு, கும்மிப் பாட்டு பாடும் பெண்கள் ஆகியோரிடம் ஒருபக்கத் தாளில் அனுமதி வாங்கிப் பதியுங்கள். அது பாதி உள்ளூர்த் தயாரிப்பு என்ற கணக்கிலும் சேரும்.

---

டெல்டாபள்ளி:

கொட்டேஷன் திருத்தம்: அரை அங்குல ஹீலியாக்ஸ் 45 மீட்டர், இரண்டு செங்குத்து டைபோல், டைனமிக் மைக் நான்கு, டம்மி லோட், அரெஸ்டர், 1:1 ட்ரான்ஸ்ஃபார்மர், சைலன்ஸ் டிடெக்டர். ஸ்டீரியோ ஆஃப். கோபுரத்துக்குப் பொறியாளர் வருகிறார். ஏதாவது விட்டுப்போனதா?

---

நாலுவிரல்:

ஹெட்ஃபோன் எழுதவில்லை. மூடிய வகை, ஐந்து. ஸ்பீக்கர் திறந்திருக்கும்போது மைக்கைத் திறந்தால் ஊளையிடும்.

---

செப்புக்கம்பி:

45 மீட்டரை ஒரே துண்டாக வாங்குங்கள். நடுவில் ஜாயின்ட் போட்டுத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம்.